சீக்ரெட் கிளியரன்ஸ்: ஒரு பழைய டியூஐ (குடித்துவிட்டு கார் ஓட்டிய) வழக்கு, 41,000 டாலர் கார்டு கடன். படிவத்தில் எப்படி எழுதுவது?

பதிவு 1 | ஆஷ்பர்ன்வாசி | திங்கள் இரவு 11.20

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வடக்கு வர்ஜீனியாவில் பதினாறு வருடமாக இருக்கிறேன். 2018இல் குடியுரிமை கிடைத்தது. டேட்டாபேஸ் வேலை. ஷான்டிலியில் பாதுகாப்புத் துறைக்கு ஒப்பந்த வேலை செய்யும் ஒரு நிறுவனம் என்னைத் தேர்வு செய்திருக்கிறது. அரசாங்க ரகசியங்களைப் பார்க்க அனுமதிக்கும் சீக்ரெட் கிளியரன்ஸ் கிடைத்தால்தான் அந்த வேலை. அதற்கான எஸ்எஃப்-86 படிவத்தை ஆன்லைனில் திறந்துவைத்துக்கொண்டு மூன்று ராத்திரியாக உட்கார்ந்திருக்கிறேன். போலீஸ் வழக்கு பற்றிய 22ஆம் பிரிவிலும் கடன் பற்றிய 26ஆம் பிரிவிலும் கை நகரவில்லை.

2021 நவம்பரில் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது லௌடன் கவுண்டியில் போலீஸ் காரை நிறுத்தியது. ஊதச் சொன்னார்கள். மது அளவு 0.11 காட்டியது, இங்கே எல்லை 0.08. டியூஐ வழக்குப் போட்டார்கள். வக்கீல் பேசி அதை 'ரெக்லெஸ் டிரைவிங்' (அஜாக்கிரதையாக ஓட்டியது) ஆகக் குறைத்தார். அபராதம் கட்டினேன், கோர்ட் சொன்ன மது வகுப்பை முடித்தேன், லைசென்ஸ் திரும்பி வந்தது.

2023இல் வேலை போய் ஏழு மாதம் வீட்டில் இருந்தேன். அதே நேரத்தில் மதுரையில் அப்பாவுக்கு பைபாஸ். மூன்று கிரெடிட் கார்டில் மொத்தம் 41,000 டாலர் ஏறிவிட்டது. இரண்டு கார்டு 'சார்ஜ்-ஆஃப்' ஆகி கலெக்‌ஷன் ஏஜென்சிக்குப் போய்விட்டது. மூன்றாவதை மட்டும் மாதாமாதம் கட்டி வருகிறேன். அந்த மூன்றாவது கார்டு இருப்பது என் மனைவிக்குத் தெரியாது.

குறைக்கப்பட்ட வழக்கை எழுதத்தான் வேண்டுமா? சார்ஜ்-ஆஃப் ஆகிவிட்டால் அந்தக் கடன் முடிந்த கணக்குதானே? குடி வழக்கு, கடன் இரண்டும் சேர்ந்திருந்தால் வாய்ப்பே இல்லையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதிவு 2 | கொங்குநாட்டான் | செவ்வாய் காலை 6.05

அண்ணா, கோர்ட்டே டியூஐ இல்லை என்று சொன்ன பிறகு நீங்கள் ஏன் அதை மறுபடி தூக்கிப் போடுகிறீர்கள்? வெறும் டிராஃபிக் அபராதம் என்று விட்டுவிடுங்கள். கேட்டால் அப்போது சொல்லிக்கொள்ளலாம். கடனைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துவிடுங்கள்.

பதிவு 3 | கணக்குப்பிள்ளை | செவ்வாய் காலை 8.40

தம்பி கொங்குநாட்டான் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் ஆஷ்பர்ன்வாசி, அந்த யோசனையைத் தயவுசெய்து கேட்காதீர்கள். மேரிலாந்தில் ஒரு ஒப்பந்த நிறுவனத்தில் பதினான்கு வருடம் எஃப்எஸ்ஓவாக, அதாவது பாதுகாப்பு அதிகாரியாக, இருந்து ஓய்வு பெற்றவன் நான். நிறுவனத்தில் கிளியரன்ஸ் சம்பந்தமான எல்லாமே எஃப்எஸ்ஓ மேசை வழியாகத்தான் போகும்.

22ஆம் பிரிவைத் திரும்ப ஒரு தடவை நிதானமாகப் படியுங்கள். தண்டனை கிடைத்ததா என்று மட்டும் அது கேட்கவில்லை. மது அல்லது போதைப்பொருள் சம்பந்தமாக உங்கள் மேல் 'எப்போதாவது' குற்றம் சாட்டப்பட்டதா என்றும் கேட்கிறது. ஏழு வருடக் கணக்கு அந்தக் கேள்விக்குக் கிடையாது. வழக்குக் குறைந்தாலும், தள்ளுபடி ஆனாலும், பதிவே அழிக்கப்பட்டிருந்தாலும் எழுத வேண்டும். உங்கள் விரல் ரேகை எஃப்பிஐக்குப் போகும், கைது விவரம் அங்கே வந்து நிற்கும். அவர்கள் கையில் இருப்பதை நீங்கள் எழுதவில்லை என்றால், 2021இல் நடந்த ஒரு தவறு இந்த வருடம் சொன்ன பொய்யாக மாறிவிடும். படிவத்தில் தெரிந்தே பொய் எழுதுவது ஐந்து வருடம் வரை சிறைத்தண்டனை உள்ள மத்தியக் குற்றம்.

நீங்கள் சொல்லாமல் விட்ட 24ஆம் பிரிவும் இருக்கிறது. கடந்த ஏழு வருடத்தில் மதுவால் உங்கள் வேலை, உறவு, பணம் ஏதாவது பாதிக்கப்பட்டதா, போலீஸ் தலையிட்டதா என்று கேட்கும். அதற்கும் உங்கள் பதில் 'ஆம்'தான்.

முடிவெடுக்கும் அடிப்படை சீட்-4 என்ற உத்தரவு. 2017 ஜூன் 8 முதல் அமலில் இருக்கிறது. ஏ முதல் எம் வரை 13 வழிகாட்டிகள். எஃப் என்பது பணம், ஜி என்பது மது, ஈ என்பது நேர்மையும் நடத்தையும். ஒவ்வொன்றிலும் முதலில் எது எது கவலை தரும் என்று எழுதியிருக்கும், அதன் கீழேயே எது எது அந்தக் கவலையைத் தணிக்கும் என்றும் எழுதியிருக்கும். நம் ஆட்கள் முதல் பாதியைப் படித்துவிட்டுப் பயந்து மூடிவிடுகிறார்கள். பின் பாதியைத்தான் நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டும்.

சார்ஜ்-ஆஃப் பற்றி. கடன் தீர்ந்தது என்று அதற்கு அர்த்தம் இல்லை. இனி வராது என்று வங்கி தன் புத்தகத்தில் நஷ்டக் கணக்கில் எழுதிக்கொள்கிறது, அவ்வளவுதான். நீங்கள் கொடுக்க வேண்டியது அப்படியே நிற்கிறது. ஏழு வருடம் கழித்து கிரெடிட் ரிப்போர்ட்டிலிருந்து அது மறைந்து போகலாம். மறைந்ததை வைத்து 'நான் தீர்த்துவிட்டேன்' என்று சொல்ல முடியாது, டோஹா மேல்முறையீட்டு வாரியம் அதை ஏற்பதில்லை. டோஹா என்பது பாதுகாப்புத் துறையில் இந்த விசாரணைகளை நடத்தும் அலுவலகம்.

கடைசிக் கேள்விக்கு: வாய்ப்பு இருக்கிறது. நிறையவே இருக்கிறது. ஆனால் அந்த மூன்றாவது கார்டு விஷயம் எனக்குக் கவலையாக இருக்கிறது. சாயங்காலம் எழுதுகிறேன்.

பதிவு 4 | ஆஷ்பர்ன்வாசி | செவ்வாய் மதியம் 12.15

ஐயா, ரொம்ப நன்றி. சார்ஜ்-ஆஃப் என்றால் தள்ளுபடி என்றுதான் இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதிவு 5 | வரலாற்றுப்பிரியன் | செவ்வாய் மதியம் 1.50

வீட்டில் யார் எவ்வளவு குடித்தால், எவ்வளவு கடன் வைத்தால் அரசாங்கத்துக்கு என்ன என்று பலர் கேட்பார்கள். அதற்குப் பின்னால் ரத்தம் சிந்திய கதை இருக்கிறது.

ஆல்ட்ரிச் ஏம்ஸ் என்று ஒரு சிஐஏ அதிகாரி. பெருங்குடிகாரர், அது அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும். 1976இல் நியூயார்க் சுரங்க ரயிலில் ரகசியக் காகிதங்கள் இருந்த பெட்டியை மறந்துவிட்டுப் போனவர். விவாகரத்து, புது மனைவி, ஏறிக்கொண்டே போன கடன். 1985 ஏப்ரலில் வாஷிங்டன் சோவியத் தூதரகத்துக்குள் நடந்து போய் 50,000 டாலர் கேட்டார். கடனை அடைத்துவிட்டு நிறுத்திவிடலாம் என்பதுதான் நினைப்பு. நிறுத்தவில்லை. அவர் காட்டிக்கொடுத்தவர்களில் பலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆர்லிங்டனில் 5,40,000 டாலருக்கு ரொக்கமாக வீடு வாங்கினார், ஜாகுவார் காரில் வேலைக்கு வந்தார். 1994 பிப்ரவரியில்தான் பிடித்தார்கள்.

அதற்கு முன்னால் ஜான் வாக்கர். கடற்படையில் தகவல் தொடர்பு வேலை. தெற்கு கரோலைனாவில் ஒரு பார் நடத்தி நஷ்டப்பட்டு, 1967இல் அதே தூதரகத்துக்குப் போனார். 1985 வரை விற்றுக்கொண்டே இருந்தார், கடைசியில் சொந்த மகனையும் அதில் இழுத்துவிட்டார்.

ஏம்ஸ் பிடிபட்ட அடுத்த வருடம், 1995 ஆகஸ்டில், அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட 12968ஆம் ஆணையில் பணவிவரம் பற்றிய விதிகள் இறுகின. இன்று 26ஆம் பிரிவில் நம்மைக் கேட்கிற கேள்விகளுக்குப் பின்னால் இந்த மாதிரி மனிதர்கள் நிற்கிறார்கள்.

பதிவு 6 | உறையூரான் | செவ்வாய் மாலை 4.30

வரலாறு சரி. ஆனால் ஆயிரத்தில் ஒருவர் ஏம்ஸ் ஆனார் என்பதற்காக, அப்பாவின் ஆபரேஷனுக்குக் கடன் வாங்கியவனை அதே வரிசையில் நிறுத்துவது நியாயமா? பரம்பரைச் சொத்து உள்ளவனுக்கு 26ஆம் பிரிவு ஐந்து நிமிட வேலை. வேலை போய், நோய் வந்து, ஊருக்கும் பணம் அனுப்பி இடுப்பொடிந்தவன்தான் பக்கம் பக்கமாக விளக்கம் எழுதுகிறான். ஏம்ஸ் மாட்டும்போது அவர் கையில் பணம் கொட்டிக் கிடந்தது, கடன் இல்லை. ஏழ்மையை சந்தேகத்துக்குரியதாக ஆக்குகிற ஏற்பாடு இது. எனக்கு இதில் உண்மையாகவே கோபம் இருக்கிறது.

பதிவு 7 | நெசவாளி மகள் | செவ்வாய் இரவு 9.10

உறையூரான் அண்ணா, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஒரு காலத்தில் எனக்கும் அதே கோபம்தான். நான் டோஹா விசாரணையில் உட்கார்ந்தவள். ஒரு தடவை தோற்றவள். அதனால் சொல்கிறேன்.

விவாகரத்து ஆனபோது 29,000 டாலர் கடன் என் பேரில் வந்து விழுந்தது. அதோடு மூன்று வருடம் வருமான வரிக் கணக்கு தாக்கல் ஆகவில்லை. வீட்டில் அதைக் கணவர் பார்த்துக்கொள்கிறார் என்று நம்பியிருந்தேன். எனக்கு வந்த குற்றச்சாட்டுத் தாளில், எஸ்ஓஆர் என்பார்கள், 1.ஏ, 1.பி என்று ஒவ்வொரு கடனும் வரிசையாக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் 'ஒப்புக்கொள்கிறேன்' அல்லது 'மறுக்கிறேன்' என்று பதில் எழுத வேண்டும். 20 நாள்தான் அவகாசம். நேரில் விசாரணை வேண்டுமா, காகிதத்தை வைத்தே முடிவு செய்யட்டுமா என்றும் கேட்பார்கள். விசாரணை கேளுங்கள். காகிதத்தில் உங்கள் குரல் கேட்காது.

வீடியோ வழியாக நடந்தது. நீதிபதி, அரசு தரப்பு வக்கீல், நான். எனக்கு வக்கீல் இல்லை. நீதிபதி மரியாதையாகத்தான் பேசினார். கடன் எப்படி வந்தது என்று பத்து நிமிடம் கேட்டார். வந்த பிறகு நான் என்ன செய்தேன் என்று ஒரு மணி நேரம் கேட்டார். மாதக் கடைசியில் கையில் எவ்வளவு நிற்கிறது? பட்ஜெட் எழுதுகிறீர்களா? இந்தக் கடன்காரரிடம் கடைசியாக எந்தத் தேதியில் பேசினீர்கள்? எழுத்தில் இருக்கிறதா? 'பேசினேன்' என்றேன். காட்டுவதற்கு ஒரு தாள்கூட இல்லை.

உறையூரான் அண்ணா சொல்கிற ஆளுக்கு வழிகாட்டி எஃப் உள்ளேயே இடம் இருக்கிறது. வேலை இழப்பு, திடீர் மருத்துவச் செலவு, மரணம், விவாகரத்து, அடையாளத் திருட்டு, இவையெல்லாம் கைமீறிய காரணங்கள் என்று பேர் சொல்லியே எழுதியிருக்கிறது. ஆனால் அந்த வாக்கியத்துக்கு இன்னொரு பாதி உண்டு: அந்த நிலைமையில் அவர் பொறுப்பாக நடந்துகொண்டாரா. முதல் பாதி எனக்குப் பொருந்தியது. இரண்டாவதில் விழுந்தேன்.

கடனைவிட வரிக்கணக்குதான் என்னை வீழ்த்தியது. தாக்கல் செய்திருந்தால் இரண்டு வருடத்துக்கு எனக்கே பணம் திரும்பி வந்திருக்கும். இருந்தாலும் சட்டப்படி செய்ய வேண்டியதைச் செய்யாதவர் ரகசியக் காப்பு விதிகளை மட்டும் எப்படிக் கடைப்பிடிப்பார் என்று தீர்ப்பில் எழுதியிருந்தது. படித்துவிட்டு ராத்திரி முழுக்க அழுதேன். மறுத்த தேதியிலிருந்து ஒரு வருடம் கழித்துத்தான் மறுபடி விண்ணப்பிக்கலாம். அந்த ஒரு வருடத்தில் மூன்று கணக்கையும் தாக்கல் செய்தேன், லாபநோக்கமற்ற ஒரு கடன் ஆலோசனை மையத்தில் சேர்ந்து மாதம் 610 டாலர் கட்டினேன். ஒவ்வொரு ரசீதையும் ஒரு நீலக் கோப்பில் தேதி வாரியாகச் செருகி வைத்தேன். இரண்டாவது தடவை கிடைத்தது. கடன் அப்போதும் முழுதாகத் தீர்ந்திருக்கவில்லை. முழுதாகத் தீர்த்துவிட்டு வா என்று யாரும் கேட்கவும் இல்லை. திட்டம் இருக்கிறதா, அதன்படி நடக்கிறாயா, அவ்வளவுதான்.

டோஹா தீர்ப்புகள் பெயர் நீக்கி இணையத்தில் கிடக்கின்றன. ராத்திரிக்கு ஐந்து படியுங்கள். எதில் ஜெயிக்கிறார்கள், எதில் தோற்கிறார்கள் என்று ஒரு வாரத்தில் பிடிபட்டுவிடும்.

பதிவு 8 | உறையூரான் | செவ்வாய் இரவு 9.45

தங்கச்சி, இவ்வளவையும் வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி. என் கருத்து முழுக்க மாறவில்லை. ஆனால் அந்த இரண்டாவது பாதி எனக்குத் தெரியாது.

பதிவு 9 | பழைய மாலுமி | புதன் காலை 7.30

எல்லோரும் காசைப் பற்றியே கதைக்கிறீர்கள். நான் மற்றதைப் பற்றிக் கதைக்கிறேன். யாழ்ப்பாணத்தில் பிறந்து எட்டு வயதில் நியூ ஜெர்சிக்கு வந்தனான். அமெரிக்கக் கடற்படையில் எட்டு வருடம், பெரும்பாலும் நோர்ஃபோக்கில்.

ஆஷ்பர்ன்வாசி, உங்களிடம் ஒரு கேள்வி. 2021இல் என்ன நடந்தது என்று வடிவாக எழுதியிருக்கிறீர்கள். இப்போது எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று எழுதவில்லை. உங்களை விசாரிக்க வருகிறவர் அதைத்தான் கேட்பார். ஒரு நாளைக்கு எத்தனை, கிழமைக்கு எத்தனை, தனியாகவா ஆட்களோடா, போதை ஏறுமட்டும் கடைசியாகக் குடித்தது எப்போது.

என் கதை இது. 2011இல் கடலில் ஏழு மாதம் இருந்துவிட்டு வந்த பிறகு ஒவ்வொரு இரவும் குடித்தேன். ஒருவரும் என்னைப் பிடிக்கவில்லை. நானாகவே போய் கடற்படையின் மது சிகிச்சைத் திட்டத்தில் சேர்ந்தேன். சிகிச்சைக்குப் போனால் கிளியரன்ஸ் போய்விடும் என்று கப்பலில் எல்லோரும் வெருட்டினார்கள். கிளியரன்ஸ் போகவில்லை. மருத்துவர் எனக்கு மது அடிமைத்தனம் என்று எழுதினார், இனித் தொடவே கூடாது என்றார். இரண்டு வருடம் தொடவில்லை. பிறகு தங்கச்சியின் கலியாணத்தில் ஒரு கிளாஸ் ஷாம்பெயின், அடுத்த கிழமை அரைப்போத்தல் விஸ்கி.

வழிகாட்டி ஜியை வாசித்துப் பாருங்கள். மருத்துவர் அப்படி ஒரு நோயைக் கண்டறிந்து ஆலோசனை சொன்ன பிறகு, அதற்கு எதிராகக் குடிப்பது தனியான ஒரு குறை. மற்றவர்களுக்கு 'அளவைக் குறைத்துக்கொண்டேன்' என்பது போதும். எனக்குப் போதாது. நானே போய் மேலதிகாரியிடம் சொன்னேன். திரும்பச் சிகிச்சை, பின்தொடர் கூட்டங்கள், என்னை வழிநடத்தியவரின் கடிதம், எல்லாவற்றையும் கொடுத்தேன். தப்பியது. நான் சொல்லாமல் வேறு யாராவது சொல்லியிருந்தால் தப்பியிருக்காது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

மது வகுப்பில் உங்களுக்கு ஏதாவது மதிப்பீடு செய்தார்களா? அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாமல் படிவத்தை அனுப்ப வேண்டாம்.

பதிவு 10 | பச்சை அட்டை | புதன் காலை 10.00

இடையில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். கிரீன் கார்டில் இருப்பவர்களுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பதிவு 11 | கணக்குப்பிள்ளை | புதன் காலை 10.20

கிளியரன்ஸ் குடிமக்களுக்கு மட்டும்தான். மிக அரிதாகக் குறைந்த அளவு அனுமதி கொடுப்பதுண்டு, அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். 'பப்ளிக் டிரஸ்ட்' என்பது வேறு வகை, படிவமும் வேறு. கடன் பற்றிய கேள்விகள் அதிலும் உண்டு.

ஆஷ்பர்ன்வாசி, நேற்று விட்ட இடத்துக்கு வருகிறேன். உங்கள் மனைவிக்குத் தெரியாத ஒரு கார்டு. வெளிநாட்டு உளவாளி யாரோ வந்து மிரட்டப் போகிறான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒருவரை எதை வைத்து வளைக்க முடியும் என்பதுதான் இந்தச் சோதனையின் மையம். 'இது யாருக்கெல்லாம் தெரியும்?' என்று விசாரணையாளர் கேட்பார். வீட்டில், அம்மா அப்பாவிடம், வேலையிடத்தில். 'எல்லாருக்கும் தெரியும்' என்று சொல்ல முடிகிறவரை மிரட்டுவதற்கு ஒன்றும் இல்லை. முதலில் வீட்டில் பேசுங்கள். படிவம் இரண்டு நாள் காத்திருக்கும்.

பதிவு 12 | ஆஷ்பர்ன்வாசி | சனி அதிகாலை 1.30

மாலுமி கேட்ட கேள்விக்கு மூன்று நாளாகப் பதில் எழுதாமல் இருந்ததற்கு மன்னிக்கவும்.

புதன் ராத்திரி மூன்று கார்டின் பழைய ஸ்டேட்மென்ட்களையும் இறக்கி, ஒரு நோட்டில் செலவை வகை வகையாக எழுத ஆரம்பித்தேன். அப்பாவின் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது, வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிச் செலவு. அப்புறம் ஏபிசி கடை. இங்கே வர்ஜீனியாவில் விஸ்கி, வோட்கா எல்லாம் அரசாங்கத்தின் ஏபிசி கடையில்தான் வாங்க வேண்டும், அதனால் பெயர் தனியாகத் தெரிகிறது. முதல் மாதம் நான்கு வரி. மூன்றாவது மாதம் ஒன்பது. ஆறாவது மாதம் பதினான்கு. ஏழு மாதத்தில் மொத்தம் 2,870 டாலர், எல்லாம் அந்த மூன்றாவது கார்டில். அந்தக் கார்டை ஏன் மறைத்தேன் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

41,000இல் இது சின்னத் தொகைதான். ஆனால் கடன்காரர்கள் அனுப்பிய கடிதங்களைப் பிரிக்காமலே டிராயரில் போட்டதும் அந்த மாதங்களில்தான். அப்பாவின் ஆபரேஷனால் கடன் வந்தது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பாதி அதுதான் உண்மை. மீதிப் பாதிக்கு நான் காரணம்.

வியாழக்கிழமை பிள்ளைகள் தூங்கிய பிறகு மனைவியிடம் நோட்டைக் கொடுத்தேன். முழுக்கப் படித்தாள். ஒன்றும் பேசவில்லை. ரொம்ப நேரம் கழித்து, 'பாட்டில் தெரியும், கார்டு தெரியாது' என்றாள். நேற்று இரண்டு பேருமாக உட்கார்ந்து மூன்று கடன் தகவல் நிறுவனங்களின் கிரெடிட் ரிப்போர்ட்டையும் எடுத்தோம். நான் மறந்தே போன ஒரு 340 டாலர் மருத்துவப் பில்லும் கலெக்‌ஷனில் இருக்கிறது.

இப்போது வாரக்கடைசியில் இரண்டு பீர், சில வாரம் மூன்று. வேலை கிடைத்த பிறகு விஸ்கி வாங்கவில்லை. மது வகுப்பின் மதிப்பீட்டுத் தாளைக் கேட்டு எழுதியிருக்கிறேன்.

பதிவு 13 | நெசவாளி மகள் | சனி காலை 7.15

அண்ணா, அந்த நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

பதிவு 14 | கணக்குப்பிள்ளை | சனி காலை 9.00

வழிகாட்டி எஃப் முதல் பத்தியிலேயே, பண நெருக்கடி சூதாட்டத்தாலும் மதுவாலும் வரலாம், அதனால் ஒன்று இன்னொன்றின் அடையாளமாக இருக்கலாம் என்று எழுதியிருக்கிறது. உங்கள் விஷயத்தில் அந்த முடிச்சை நீங்களே அவிழ்த்துவிட்டீர்கள். விசாரணையாளர் அவிழ்த்து, நீங்கள் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

இனி காரியத்துக்கு வருவோம். அந்த 340ஐ இன்றைக்கே கட்டிவிடுங்கள், 'பாக்கி இல்லை' என்று எழுத்தில் வாங்குங்கள். சார்ஜ்-ஆஃப் ஆன இரண்டு கடனும் இப்போது யார் கையில் இருக்கிறது என்று கேட்டு எழுத்து மூலமாகப் பேசுங்கள். குறைத்துத் தீர்த்துக்கொள்ள ஒத்துக்கொண்டால், விட்டுக்கொடுத்த தொகைக்கு 1099-சி படிவம் வரும், அது வருமானமாகக் கணக்காகலாம். அதை வரியில் காட்ட மறந்துவிட்டுப் புதிதாக ஒரு வரிச் சிக்கலில் மாட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

'கார்டு தவணையை நிறுத்துங்கள், நாங்கள் பேரம் பேசி முடிக்கிறோம்' என்று விளம்பரம் செய்யும் கடன் தீர்வு நிறுவனங்கள் பக்கம் போகாதீர்கள். ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருக்கிற மூன்றாவது கார்டையும் நிறுத்தச் சொல்வார்கள். நெசவாளி மகள் போன மாதிரி லாபநோக்கமற்ற ஆலோசனை மையத்துக்குப் போங்கள்.

படிவத்தில் ஒவ்வொரு பதிலுக்குக் கீழேயும் குறிப்பு எழுத இடம் இருக்கும். அங்கே கதை வேண்டாம். நான்கு வரி போதும்: என்ன நடந்தது, எப்போது, இப்போது என்ன நிலை, என்ன தாள் இருக்கிறது. ஏழு மாதத்தில் அதிகமாகக் குடித்ததையும் 24இல் எழுதுங்கள், கேள்வியில் 'பணம்' என்ற வார்த்தை இருக்கிறது. மதுரையில் உங்கள் பேரில் ஏதாவது வங்கிக் கணக்கு, நிலம் இருந்தால் அதற்கு வேறு பிரிவு இருக்கிறது, விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று. கிளியரன்ஸ் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று இல்லை. முன்பெல்லாம் சீக்ரெட்டுக்குப் பத்து வருடத்துக்கு ஒரு தடவைதான் மறுபடி பார்ப்பார்கள். இப்போது தொடர் கண்காணிப்பு. ஒரு கைது, 120 நாள் தாண்டிய ஒரு பாக்கி, அவர்கள் கணினியில் தானாக வந்து நிற்கும். அவை வருவதற்கு முன் நீங்களே எஃப்எஸ்ஓவிடம் சொல்ல வேண்டும், அது விதி.

பதிவு 15 | கொங்குநாட்டான் | சனி காலை 11.40

ஆஷ்பர்ன்வாசி அண்ணா, அன்றைக்கு நான் சொன்னது தப்பு. அதை நீங்கள் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. மன்னித்துவிடுங்கள்.

பதிவு 16 | ஆஷ்பர்ன்வாசி | நான்கு மாதம் கழித்து, வியாழன் இரவு 8.50

எல்லாருக்கும் வணக்கம். நிறையப் பேர் தனிச்செய்தியில் கேட்டார்கள், அதனால் நிலவரம் எழுதுகிறேன்.

மதிப்பீட்டுத் தாள் வந்தது. நோய் என்று எதுவும் எழுதவில்லை, 'கல்வி வகுப்பு போதும்' என்று இருந்தது. இருந்தாலும் நானாக ஒரு ஆலோசகரிடம் ஆறு தடவை போனேன். மார்ச்சிலிருந்து பீரையும் விட்டுவிட்டேன். பெத் என்ற ரத்தப் பரிசோதனையும் இரண்டு தடவை செய்தேன். கடந்த சில வாரங்களில் குடித்திருந்தால் அதில் தெரியும். இரண்டிலும் ஒன்றும் இல்லை.

இடைக்கால அனுமதி கிடைக்கவில்லை. நிறுவனம் காத்திருக்கச் சம்மதித்து, ரகசியம் இல்லாத ஒரு வேலையில் உட்காரவைத்திருக்கிறது.

விசாரணையாளர் போன செவ்வாய் வந்தார். வயதானவர், கையில் மஞ்சள் நோட்டு. இரண்டரை மணி நேரம். முடிவெடுப்பது தான் இல்லை, எழுதி அனுப்புவது மட்டும்தான் தன் வேலை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். டியூஐ பற்றிக் கேட்டார், அன்றைக்கு எத்தனை கிளாஸ் என்றுகூடக் கேட்டார். கார்டுகளைப் பற்றிக் கேட்டபோது நோட்டை எடுத்துக் கொடுத்தேன். ஏபிசி கடை வரிகளில் விரலை வைத்து நின்றார். 'இது யாருக்குத் தெரியும்?' என்றார். மனைவிக்கு, ஆலோசகருக்கு, எஃப்எஸ்ஓவுக்கு, மதுரையில் அம்மாவுக்கு என்றேன். எழுதிக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

கலெக்‌ஷனில் இருந்த சின்ன கார்டை 4,200 டாலரில் தீர்த்தேன். பெரியதற்கு மாதம் 385 என்று எழுத்தில் ஒப்பந்தம், மூன்று தவணை போயிருக்கிறது. ஊருக்கு அனுப்புகிற பணத்தை அம்மாவே குறைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். முடிவு எப்போது வரும் என்று தெரியவில்லை. நெசவாளி மகள் சொன்ன மாதிரி ஒரு நீலக் கோப்பு வாங்கியிருக்கிறேன். மனைவிதான் தேதி எழுதிச் செருகுகிறாள்.

பதிவு 17 | பழைய மாலுமி | வியாழன் இரவு 10.05

வாசித்தேன் தம்பி. முடிவு வரும்வரை அடுத்த தவணைகளின் ரசீதையும் மாதாமாதம் எஃப்எஸ்ஓவிடம் கொடுத்துக்கொண்டே இருங்கள். கேட்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

பதிவு 18 | ஆஷ்பர்ன்வாசி | வியாழன் இரவு 10.20

நான்காவது தவணை திங்கட்கிழமை. கட்டின உடனே அனுப்பிவிடுகிறேன், அண்ணா.